இரண்டாவது காட்டெருமை

வண்டியிலேயே சுற்றிப் பார்க்கும் விலங்குப் பூங்காவின் வாயிலைத் தாண்டியதுதான் தாமதம், ஒட்டகம் ஒன்று பிக்கப் வண்டியின் ஜன்னலுக்குள் தலையை விட்டு, க்வென்னின் மடியிலிருந்த தீனி வாளியை வழித்துத் துடைத்துவிட்டது.

"போ அந்தப் பக்கம், மாடே!"

"ஒட்டகத்தைப் போயி மாடுங்கிறியே."

"என் பாவாடை பூரா எச்சில், ஹார்லன். இனிமே அதுக்கு மரியாதை வேறயா?"

ஹார்லன் வாய்விட்டுச் சிரித்தான். உடனே, சிரித்தது சரிதானா என்று ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. அறுபத்தாறு வயதில் க்வென்னை மறுமணம் செய்துகொண்டவனுக்குப் போன மாதத்திலிருந்து இதே பிழைப்பு. சிரித்தாலும் குழப்பம், சாப்பிட்டாலும் குழப்பம்.

இந்தப் பூங்காவுக்கு, இறந்துபோன முதல் மனைவி லோரீனோடு வரக் கொடுத்துவைக்கவில்லை. மிசூரி மாநிலத்தில் அவர்கள் இருவரும் போகாத குகை இல்லை, மிருகக்காட்சி சாலை இல்லை. போன இடத்திலெல்லாம் அந்த இயந்திரத்தைத் தேடுவார்கள். இரண்டு கால் டாலர் காசும் ஒரு செண்ட்டும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், செண்ட் நசுங்கி நீண்டு, மேலே ஒரு படத்தோடு வந்து விழும். உள்ளே துத்தநாகம் வைத்த புதுச் செண்ட் போட்டால் சாம்பல் கோடு விழுந்து அசிங்கமாகிவிடும் என்பதால், பழைய செப்புக் காசுகளை வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்து காலி மிட்டாய்க் குழாய் டப்பா ஒன்றில் வைத்திருப்பார்கள். காசு போடுவது அவன், சுற்றுவது லோரீன். எப்போதும் இரண்டு. ஆல்பத்தில் அவளுக்கு ஒரு கட்டம், பக்கத்திலேயே அவனுக்கு ஒன்று.

விலங்குகளைப் பார்த்து முடித்து, வெளியேறும் வழியிலிருந்த கடைக்குள் போனார்கள். இயந்திரம் கதவோரம் நின்றது. ஹார்லன் காட்டெருமைப் படத்தைத் தேர்ந்தெடுத்தான், காசுகளைச் செருகினான்.

"லோரீன், சுத்து."

சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் அவன் காதிலேயே விழுந்தது. கல்லாவிலிருந்த பெண் பொம்மைகளை அவசரமாக அடுக்கத் தொடங்கினாள். க்வென் கைப்பிடியைச் சுற்றினாள். காசு விழுந்தது. ஹார்லனின் பாழாய்ப்போன கை, கேட்காமலே அடுத்த செண்ட்டையும் செருகிவிட்டது. அதையும் அவளே சுற்றினாள்.

இரண்டு காட்டெருமைகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

"தெரியலையே, க்வென்."

"அவ கைப்பிடியைச் சுத்த ஒரு ஆளு வேணும்னுதான் என்னைக் கட்டிக்கிட்டியா? அப்படின்னா இப்பவே சொல்லிடு. என் தங்கச்சி வீட்டுல இறக்கி விட்டுடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்." அவள் குரல் உயரவில்லை. இரண்டு காசையும் அவன் கையில் திணித்தாள்.

வண்டிக்கு வந்து ஆல்பத்தை மடியில் விரித்தான். லோரீனின் கட்டத்தில் ஒரு காசை வைத்தான். அதில் குழப்பமே இல்லை, அது அவளுடையதுதான். மற்றதைத் தன் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். க்வென் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.

"இந்தா," என்று அதை அவளிடம் நீட்டினான்.

"இது யாரோடது?"

"என்னோடது. நீ வெச்சுக்க."

"அப்ப உன் கட்டம்?"

"காலியாவே இருக்கட்டும்."

அவன் கட்டம் ஒன்றுகூட இதுவரை காலியாக இருந்ததில்லை. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வலிக்கும் என்று பார்த்தால், வலிக்கவும் இல்லை.

க்வென் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பையில் சில்லறையோடு போட்டாள். ஹார்லன் பதறிவிட்டான்.

"ஐயோ, அதுல போடாத! மறந்து எங்கயாவது செலவு பண்ணிடுவ!"

"எருமைப் படம் போட்ட நசுங்கின காசை எந்தக் கடைக்காரன் வாங்குவான், கூறுகெட்ட கிழவா?" பையை இழுத்து மூடினாள். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து சீட் பெல்ட்டை மாட்டினாள். "வண்டியை எடு. இன்னொரு வாளி தீனி வாங்கு. அந்த ஒட்டகத்தை நான் இன்னும் திட்டி முடிக்கலை."

ஹார்லனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியைத் திருப்பி மறுபடி வாயிலுக்கே விட்டான்.