சாட்சிக்கு வந்த கஸ்டர்டு

ஷெர்னாஸும் நோஷிரும் பிரிந்து வாழலாம் என்று நீதிமன்றம் ஆணையிட்டு மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. ஓராண்டு சேராதிருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்பது சட்டம். ஆண்டு முடிந்த மறுவாரமே அவள் மனுவைப் போட்டுவிட்டாள். ஆனால் பார்சிகளின் மணவழக்கில் நீதிபதியோடு சமூகப் பிரதிநிதிகள் ஐவரும் அமர்ந்தாக வேண்டும். அந்த ஐவரையும் பம்பாயில் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைப்பது எளிதன்று. ஒருவருக்கு மூட்டுவலி வரும். மற்றொருவர் மகனைப் பார்க்க டொராண்டோவுக்குப் பறந்திருப்பார்.

கணவனும் மனைவியும் ஒரே குடியிருப்பில் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தமையால், வாய்தாதோறும் ஒரே டாக்ஸியில் போய்த் திரும்பினர். காத்திருந்த வேளையில் பேச்சு வளர்ந்தது. பேச்சில் சிரிப்பும் சேர்ந்தது. அதுவே வினையாயிற்று.

இன்று ஐவரும் வந்திருந்தனர். இது தவறினால் அடுத்த அமர்வு எப்போதென்று நீதிபதிக்கே தெரியாது. 'திருமதி நோஷிர்' என்று பெயரிட்ட அழைப்பிதழ்களை இன்னும் எத்தனை காலம் வாங்குவது என்று ஷெர்னாஸ் மனத்துள் புழுங்கிக்கொண்டிருந்தபோது, பிரதிநிதிகளுள் ஒருவரான மெஹ்ரு ஆன்ட்டி எழுந்தார்.

"மை லார்டு, இவங்க சேர்ந்துட்டாங்க. போன மாசம் கல்யாணப் பந்தியில என் கண்ணால பார்த்தேன். அவன் தன்னோட கஸ்டர்டுத் துண்டை அப்படியே தூக்கி இவ இலையில வெச்சான்!"

"நீங்க தீர்ப்புச் சொல்ல வந்திருக்கீங்க, சாட்சி சொல்ல இல்ல," என்றார் நீதிபதி.

"அதுக்காக கண்ணை மூடிக்கிட்டா பந்தியில உக்கார முடியும்? கல்யாணக் கஸ்டர்டை எவனாவது சும்மா குடுப்பானா?"

மற்ற நால்வரும் தலையசைத்தனர். வாதம் வலுவானதே. பார்சிகளின் பந்தியில் கஸ்டர்டு இரண்டாம் முறை வருவதில்லை.

"ஓரத்தை நான் கொஞ்சம் தின்னேன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தான் நோஷிர்.

"நீ வாயை மூடு!" என்று அதட்டிவிட்டு ஷெர்னாஸ் எழுந்தாள். "மை லார்டு, இவன்கூட பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்ணேன். இவன் இலையிலேருந்து ஒரு ஸ்பூன் எனக்கு வந்ததில்ல. என்னோடதுதான் அங்க போகும். பிரிஞ்ச பிறகுதான் குடுக்கவே கத்துக்கிட்டான். திரும்பச் சேர்த்து வெச்சீங்கன்னா, பழையபடி பிடுங்கித் தின்பான்!"

நீதிபதி நோஷிரை நோக்கினார். "அப்படியா?"

"ஆமாம், மை லார்டு," என்றான் அவன், தலை தாழ்த்தி. "கூட இருந்தப்போ, அவளோடதும் என்னோடதுன்னே நெனச்சுட்டேன்."

விவாகரத்துக்குச் சம்மதிப்போர் கையுயர்த்தலாம் என்றார் நீதிபதி. நான்கு கைகள் உயர்ந்தன. ஐந்தாவதாக மெஹ்ரு ஆன்ட்டியின் கையும் மெல்ல மேலேறியது. "பன்னெண்டு வருஷமா கஸ்டர்டு இல்லாமலா இருந்தே, மகளே? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!"

வெளியே வந்ததும் நோஷிர் கேட்டான்: "டாக்ஸி ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு போதும். ஆனா நீ டிரைவர் பக்கத்துல உக்காரு," என்றாள் ஷெர்னாஸ். "ஆன்ட்டி நம்ம பின்னாலயே பார்த்துக்கிட்டு வராங்க."