டேட்டம் இரண்டு முறை எழுதிய பரீட்சை

திங்கட்கிழமை காலையில், வாலிபால் கூடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு, டேட்டம் ஸ்வோபோடா தன்னை மக்காகக் காட்டிக்கொள்ளப் படாத பாடு பட்டாள். திரையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. பிறகு, இதைப் பார்த்தாயா, அதைப் பார்த்தாயா என்று கேள்வி. பார்த்ததைப் பார்க்கவில்லை என்றாள். பார்க்காததைப் பார்த்தேன் என்றாள். சிவப்புக் கட்டம் தெரிந்த கையோடு விசையைத் தட்ட வேண்டும். அவள் ஒரு கொட்டாவி விட்டு முடித்துத் தட்டினாள்.

பந்தய காலம் தொடங்குமுன் எல்லா ஆட்டக்காரிகளும் எழுதியாக வேண்டிய மூளைப் பரீட்சை அது. நடுவில் யாருக்காவது மண்டையில் அடிபட்டால் மறுபடி எழுதச் சொல்வார்கள். முதல் தடவையைவிடக் குறைந்தால் ஆட்டம் கிடையாது, வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் விவரமான பெண்கள் முதல் தடவையே மந்தமாக எழுதிவைப்பார்கள். அப்புறம் தலையில் இடியே விழுந்தாலும் 'பழைய மாதிரிதான் இருக்கிறாள்' என்று உள்ளே அனுப்பிவிடுவார்கள். உடைமாற்றும் அறையில் மூத்தவள் இளையவளுக்குச் சொல்லித்தருகிற வித்தை இது. எந்தக் கோச்சுக்கும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருப்பார்கள்.

ஸ்காலர்ஷிப் வாங்கிய பெண்களுக்கு இந்தத் திருட்டுத்தனம் தேவையில்லை. அவர்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாலும் அவர்கள் இடம் அப்படியே இருக்கும். டேட்டம் வாக்-ஆன். வாக்-ஆன் என்றால் அழையாத விருந்தாளி என்று நினைத்துவிட வேண்டாம். வா வா என்று கூப்பிட்டுவிட்டு இலை மட்டும் போடாத விருந்தாளி. அதே பயிற்சி, அதே ஜெர்ஸி, அதே வியர்வை, படிப்புச் செலவு மட்டும் அவரவர் வீட்டுப் பாடு. அடுத்த வாரம் மோதப்போகிற அணி எப்படி ஆடுமோ அப்படி ஆடிக்காட்டி, பெரிய பெண்கள் அடிக்கிற பந்தையெல்லாம் உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் அவளுக்கு வேலை. வாயால் கொடுத்த இடம் அது. வாயாலேயே போய்விடும்.

இத்தனைக்கும், ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் காலேஜ் அவளுக்கு முழு ஸ்காலர்ஷிப் தருகிறேன் என்று வீடு தேடி வந்தது. டேட்டம்தான் வேண்டாம் என்றாள். அவள் அப்பா ஆர்லன் அதற்கு ஒரு படி மேலே. "அங்க மகாராணியா இருக்கறதைவிட, மாநில யுனிவர்சிட்டி அணியில துண்டு எடுத்துக் குடுத்தாலும் அதுதான்மா கௌரவம்" என்றார். நெப்ராஸ்காவில் பிறந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அந்த அணியின் சிவப்பு ஜெர்ஸியைப் பார்த்தால் பெரியவர்களுக்கே புத்தி கலங்கிவிடும். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். இதைச் சொன்னால் அந்த ஊரில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

இந்த வருஷம் அணியில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. டேட்டம், அவள் அறைத்தோழி எமர்சன், இந்த இரண்டு வாக்-ஆன்களில் ஒருத்திக்குத்தான் இடம். சனிக்கிழமை அணிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கோச் பெல்கர் அறிவித்துவிட்டார். அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆர்லன் சர்ச் வேனில் பாதி ஊரை ஏற்றிக்கொண்டு வருகிறார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முழங்கால் உறை மாட்டிக்கொண்டிருந்தபோது டோரீன் கூப்பிட்டனுப்பினாள். அடிபட்ட ஆட்டக்காரிகளைப் பார்த்துக்கொள்கிற ட்ரெய்னர் அவள். சுளுக்கோ முறிவோ, அவள் சரி என்றால்தான் கோச்சே வாயைத் திறப்பார்.

"உக்காரு, டேட்டம். சமீபத்துல எங்கயாவது தலையில அடிபட்டுச்சா?"

"இல்லையே."

"கார் ஆக்ஸிடென்ட்? வழுக்கி விழுந்தது?"

"ஒண்ணுமில்ல டோரீன். ஏன்?"

டோரீன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "மூளை நல்லா இருக்கற யாரும் இவ்வளவு கம்மியா எடுக்க மாட்டாங்க. நான் நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். அடுத்த வியாழக்கிழமை. அதுவரைக்கும் நீ பந்தைத் தொடக் கூடாது."

டேட்டம் விரல் விட்டு எண்ணினாள். அடுத்த வியாழன் வருவதற்குள் சனி வந்து போயிருக்கும்.

அன்று பயிற்சி முழுக்க அவள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் நிற்க வேண்டிய பின்வரிசை மூலையில் எமர்சன் நின்று, விழுந்து, புரண்டு, ஒவ்வொரு பந்தையும் எடுத்தாள். கோச் ஒரு தடவை, "சபாஷ், எம்மி!" என்று கத்தினார். இரண்டு வருஷத்தில் டேட்டமை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் எமர்சன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"எத்தனைடி தப்புப் பண்ணே?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா? லூஸாடி நீ? நான் அங்கொண்ணு இங்கொண்ணு பண்ணேன். கல்லாவுல கை வைக்கச் சொன்னா நீ கடையையே கொளுத்திட்டு வந்திருக்க!"

"சிரிக்காதே எம்மி."

"சிரிக்கல." எமர்சன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். "போய் உண்மையைச் சொல்லிடு. திட்டுவாங்க, வாங்கிக்கோ."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனாலும் அவள் முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த அழகைப் பார்க்க டேட்டமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று அந்தச் சிராய்ப்பு தனக்கு வந்திருக்க வேண்டியது.

டேட்டம் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஏப்ரல் மாதம், பயிற்சியில் ஆறடி உயரப் பெண் ஒருத்தி அடித்த பந்து டேட்டமின் நெற்றிப்பொட்டில் விழுந்து, அதே வேகத்தில் அவள் பின்மண்டை தரையில் மோதியது. சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். அதற்கு முந்தின வருஷம் தலைசுற்றுகிறது என்று ஒப்புக்கொண்ட வாக்-ஆன் ஒருத்தி இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, அவள் அலமாரியில் வேறொருத்தியின் ஷூ இருந்தது. அதனால் டேட்டம் மூச்சு விடவில்லை. ஒரு வாரம் ஜன்னலை மூடிப் படுத்துக் கிடந்தாள். மாதவிலக்கு வலி என்று எமர்சனிடம் சொன்னாள். அப்புறம் சரியாகிவிட்டது. இன்னொரு அடி விழுந்தால் இப்படி மறைக்க முடியாது என்றுதான் அந்தத் திங்கட்கிழமை வித்தையே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

புதன்கிழமை அப்பா போன் பண்ணினார்.

"குட்டி, வேன் பத்தலையாம். ஹோலிகாம்ப் வீட்டு ஆளுங்க தனியா கார்ல வராங்க. உன் நம்பர் போட்ட சட்டை எல்லாருக்கும் அடிச்சாச்சு."

"அப்பா... ஒருவேளை நான் ஆடலைன்னா?"

"ஏன் ஆடாம? கால் கீல் வலிக்குதா?"

"இல்லப்பா. சும்மா கேட்டேன்."

"வலிச்சாலும் சொல்லாதம்மா. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வலிக்கிறதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று சிரித்தார். பாசமாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு டேட்டம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை அவள் டோரீன் காலில் விழாத குறை.

"நான் வேணும்னே தப்பா பண்ணேன். சத்தியமா. எல்லாரும்... நான் மட்டும்தான் பண்ணேன். எனக்கு ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை எழுத விடுங்க."

டோரீன் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டே நிமிராமல் பேசினாள். "டாக்டர்கிட்ட போகணும்னா எல்லாப் பொண்ணும் இதைத்தான் சொல்றா. போன வருஷம் ஒருத்தி எங்கிட்ட பைபிள் மேல சத்தியம் பண்ணா. மூளைக்குள்ள ரத்தம் கட்டியிருந்தது."

"நான் பொய் சொல்லி ஏமாத்தினேன்னு கோச்கிட்ட சொல்லுங்க. பரவால்ல. ஆனா எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லாதீங்க. ஏமாத்துக்காரிக்காவது இடம் குடுப்பாங்க. உடம்பு சரியில்லாதவளுக்குக் குடுக்க மாட்டாங்க."

டோரீன் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு அணியில் வாக்-ஆனாக இருந்தவள் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காலையில வா. ராத்திரி நல்லாத் தூங்கு. இந்தத் தடவை எடுக்கறதுதான் கணக்கு. நல்லா எடுத்தா சனிக்கிழமை ஆடலாம். நீ பண்ண திருட்டுக்கு அப்புறமா வச்சுக்கறேன்."

டேட்டம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே அறை, அதே நாற்காலி. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக் கூடத்தில் பந்து தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. வார்த்தைகள் வந்தன. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். கட்டம் சிவந்ததும் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையையும் அவள் இவ்வளவு சிரத்தையாக எழுதியதில்லை. நடுவில் எழுத்துகள் கொஞ்சம் கலங்கின, கண்ணைக் கசக்கிவிட்டுக்கொண்டாள். கடைசியில் பழைய வார்த்தைகளைக் கேட்டபோது சில பளிச்சென்று தெரிந்தன. சில தெரிந்த மாதிரி இருந்தன. எல்லாம் பதற்றம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு முடித்தாள்.

"எப்படி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

டோரீன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோரீன்?"

"போன தடவையைவிடக் கொஞ்சம்தான் ஏறியிருக்கு." குரல் மெதுவாக வந்தது. "இப்பவாவது சொல்லு. எப்போ அடிபட்டுச்சு?"

டேட்டம் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது.

"இந்தத் தடவையும் வேணும்னேதான் பண்ணேன்."

"எதுக்கு?"

"சும்மா. வந்து... விளையாட்டுக்கு."

"நாளைக்கு ஆடணும்னு நேத்து எங்கிட்ட அழுத. இன்னிக்கு விளையாட்டுக்குத் தப்பா பண்ணுவியா?"

"பண்ணேன். எல்லா விடையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன்."

டோரீன் எழுந்து கதவைச் சாத்தினாள். பந்துச் சத்தம் நின்றது. நாற்காலியை இழுத்து டேட்டமுக்கு எதிரே முழங்கால் தொடுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"சரி. நம்பறேன். விடை தெரியும்ங்கற இல்ல? அந்த வார்த்தைங்களை எனக்கு வாயால சொல்லு. சொல்லிட்டா, இந்த நிமிஷமே கோச்கிட்ட போய், இவ ஏமாத்துக்காரி, ஆனா மண்டை நல்லாயிருக்குன்னு சொல்றேன். நாளைக்கு நீ ஆடு."

பிழைத்தோம் என்று டேட்டம் நினைத்தாள். இப்போதுதானே உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஏணி," என்றாள். டோரீன் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "வெண்ணெய்." அதற்கும் ஆட்டினாள்.

அடுத்தது வரவில்லை. இருந்தது, நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்பாவின் வேன் ஞாபகம் வந்தது, சட்டைகள் ஞாபகம் வந்தன, எமர்சனின் முழங்கை ஞாபகம் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை.

"குதிரை," என்றாள்.

"குதிரை அதுல இல்லம்மா."

"மணி. மணி இருந்தது. இல்ல, நதி... இருங்க, சொல்றேன். பாலம்."

டோரீன் இல்லை என்றுகூடச் சொல்லாமல் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமையோ, எமர்சனோ, வேனில் வரப்போகிற பாதி ஊரோ அப்போது டேட்டமின் மனசில் இல்லை. ஏப்ரலிலிருந்து இத்தனை நாளும் அவள் பயந்ததெல்லாம் இடத்துக்காகத்தான். தனக்காகப் பயந்தது இதுதான் முதல் தடவை.

"பந்து," என்றாள், அழுதுகொண்டே. "பந்து இருந்ததா, டோரீன்?"