முப்பத்தேழு காசு பாக்கி

பத்தாம் வகுப்பு உண்டியலுக்கு இங்கிலீஷ் டீச்சர் தர வேண்டிய பாக்கி முப்பத்தேழு காசு. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

உண்டியல் என்றால் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பவுடர் டப்பா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே கொண்டுவந்து வைத்தது. இங்கிலீஷ் வகுப்பில் வீட்டுப் பேச்சு பேசினால் வார்த்தைக்கு ஒரு காசு, அதாவது ஒரு ரூபாய் நாணயம். நோட்டில் எழுதிவைக்கிற பையனுக்குக் கணக்கப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் லீவில் இருந்த ஆறு மாதமும் பதிலுக்கு வந்த சார் அந்தச் சட்டத்தை விடவில்லை. அவர் பெயரில் ஒரு காசுகூட ஏறவில்லையாம்.

இவள் வாய்தான் குழந்தையோடு பேசிப் பேசிக் குழைந்துபோயிருந்தது. முதல் நாளே, மீசை அரும்பிய ஒருவன், ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள், வெளியே போக அனுமதி கேட்டு எழுந்தான். போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டுவிட்டாள்: "உச்சா வருதா கண்ணு?"

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள்.

"மூணு காசு டீச்சர்!" என்றான் கணக்கப்பிள்ளை.

"டேய், கண்ணுக்காவது தள்ளுபடி பண்ணுடா" என்றான் ஒட்டகம், முகத்தை நோட்டால் மறைத்துக்கொண்டு.

அன்றைக்கு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். புதன்கிழமை சிரிப்பு வரவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பரீட்ச நெருங்குது. பத்தாவத அந்த சாரே முடிச்சுக் குடுக்கட்டும்னு நாலஞ்சு வீட்லேருந்து கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை நான் வந்து உக்காந்து பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணுவோம்."

"வகுப்பு போச்சுன்னா எனக்கு என்ன சார் வேல?"

"நூலகத்துல ஆள் இல்ல" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

எட்டாவதிலிருந்து அவள் ஏற்றிக்கொண்டு வந்த பிள்ளைகள். சுவர் இடுப்பளவு எழும்பியபிறகு கொத்தனாரை இறங்கச் சொல்வது மாதிரி இருந்தது.

மதியம் ஆய்வுக்கூடத்துப் பின்னறையில், எலும்புக்கூட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளைக்குத் தாய்ப்பால் பிழிந்துகொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து புருஷன்தான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான்.

"தூங்கினியா?"

"உம்புள்ள விட்டாத்தானே. அது கெடக்கட்டும், கடன் எவ்வளவு இன்னிக்கு?"

"மொத்தம் முப்பத்தேழு."

"வாய மூடிக்கிட்டிரு, மிச்சமாவும்" என்று சிரித்தான்.

விளையாட்டுக்குச் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வியாழன் முழுக்க ஒவ்வொரு வார்த்தையையும் நாக்கிலேயே எடை போட்டுத்தான் வெளியே விட்டாள். ஒரு காசு ஏறவில்லை. பாடமும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். காலையில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும், ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றாள். ஒருவரும் எழவில்லை. இன்னொரு முறை அளந்து கேட்டாள். அவர் பேனா ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கணக்கப்பிள்ளையின் நோட்டை எடுத்துப் புரட்டினாள். எல்லார் பெயருக்கும் நேரே கடன். ஒருத்திக்கு மட்டும் பூஜ்யம். ஜன்னலோரப் பெண். ஊமை என்பது பட்டப்பெயர். அந்தப் பூஜ்யத்தைக் காட்டி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று போன வருஷம் மற்றவர்களைத் திட்டியவள் டீச்சர்தான். நேற்று ஒரே ஒரு நாள் பூஜ்யம் வாங்கியதில் பாடமே நடத்த முடியாமல் போனவளுக்கு இப்போது சுருக்கென்றது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷம்.

"நீ சொல்லும்மா" என்றாள், தலைமையாசிரியர் காதில் நன்றாக விழும்படி. "வார்த்த கெடைக்கலன்னா நம்ம பேச்சையே நடுவுல போட்டுக்கோ. காசப் பத்தி நெனைக்காத."

பெண் எழுந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "மார்னிங்... மை பிரதர் க்ரை. ஹி ஸ்மால். ஐ..." நின்றுபோயிற்று. டீச்சர் காத்திருந்தாள். "ஐ இடுப்புல வெச்சுக்கிட்டு குக் ரைஸ்."

"ரெண்டு" என்றான் கணக்கப்பிள்ளை, பழக்கதோஷத்தில்.

"இடுப்புல வெச்சுக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன? யாருக்குத் தெரியும்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் யாருடையதோ புத்தகப் பையை எடுத்து இடுப்பில் வைத்து, ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினாள். மாசக்கணக்கில் செய்த வேலை. உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து மெல்ல ஆடியது. முன்பெஞ்சு சிரித்தது. "ஐ ஹோல்ட் ஹிம் ஆன் மை ஹிப்" என்று ஜன்னலோரத்துப் பெண் திருப்பிச் சொன்னாள். இன்னொரு தரம், சத்தமாக.

அப்புறம் வகுப்பை அடக்க முடியவில்லை. "சோம்பல் முறிக்கறதுக்கு என்ன டீச்சர்?" "தூக்கக் கலக்கத்துக்கு?" "எங்கப்பா கொறட்டைக்கு?" ஒட்டகம் குறட்டை விட்டே காட்டினான். "பக்கம் பத்தல டீச்சர்!" என்று அலறினான் கணக்கப்பிள்ளை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கொட்டாவிக்கு என்னம்மா?"

"சார், ரெண்டு காசு!"

தலைமையாசிரியர் சட்டைப்பையைத் துழாவினார். மணி அடித்தது. போகிற போக்கில் டப்பாவில் இரண்டு காசு போட்டார். "பத்தாவது உங்ககிட்டயே இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் அடிச்சிடுப்பா."

"உங்களோடதுமா? இன்னிக்கோட அறுபதத் தாண்டிருச்சு டீச்சர்."

"அதையுந்தான்."

"நல்ல நியாயம்" என்று முனகிக்கொண்டே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டு வந்தான். அடிவரியில் ஒரு விரல் வந்து ஸ்கேலை நிறுத்தியது. ஜன்னலோரத்துப் பெண்.

"என்னத அடிக்காத."

பூஜ்யத்தின் மேலேயே இரண்டு என்று திருத்தியிருந்தது. பையிலிருந்து இரண்டு காசை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டாள், சத்தம் கேட்கும்படி.

"கட்டியாச்சுன்னு எழுது" என்றாள்.