கடைசிப் பக்கத்துக் கவிதை

புத்தகக் கட்டு வந்து இறங்கிய அன்றைக்கே ஜெகதீசன் பாதியை ஊருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் படகு வைத்திருப்பவர், கிழிந்த வலை பொத்துகிறவர், ஐஸ் வண்டிக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. எங்க வூட்டுக்காரம்மா புக்கு, எங்க வூட்டுக்காரம்மா புக்கு என்று சொல்லிச் சொல்லி நீட்டினார். தனக்கென்று ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி அலமாரியில் முருகர் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிரித்து மட்டும் பார்க்கவில்லை.

தனகோடி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, செல்போனில் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'படிச்சீங்களா?'

"புச்சா இன்னா கீது அதுல படிக்க? எல்லாம் எனக்கு மனப்பாடம்மே."

மனப்பாடம் என்பது பொய்யில்லை. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடத்துக்கும் மேலாகக் கவியரங்கம் ஏறியவள் அவள். கோவளத்தில் பேசியிருக்கிறாள், மதுராந்தகத்தில் பேசியிருக்கிறாள், திருக்கழுக்குன்றத்தில் தேருக்கு முந்தின நாள் மழையில் பேசியிருக்கிறாள். எங்கே பேசினாலும் மூன்றாவது வரிசையில் ஜெகதீசன் இருப்பார். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற மனுஷன், காதால் பிழைக்கிறவர். யார் எந்த மூலையிலிருந்து என்ன விலை முனகினாலும் பிடித்துவிடுவார். அந்தக் காதுக்குள் அவள் கவிதை மொத்தமும் இருந்தது.

கவியரங்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வது வழக்கம். முதல் தடவை சொன்னதும் சபை வாங்கிக்கொள்ளும், இரண்டாம் தடவை கை தட்டும். 'எங்கள் நகக்கண்ணில் உப்பு, உங்கள் தட்டில் ருசி' என்று இறால் உரிக்கிற பெண்களைப் பற்றி அவள் சொன்னபோது, மறுக்கா, மறுக்கா என்று கூட்டம் கேட்டது. மொத தபா ஜனத்துக்கு சொல்லும், ரெண்டாவது தபா என்னப் பாத்து சொல்லும் என்று ஜெகதீசன் டீக்கடையில் பெருமை பேசுவார். அதுவும் பொய்யில்லை.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். இப்போது கழுத்தடியில் ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாக வந்து போகிறது. படி ஏறினால், கோபப்பட்டால், சின்ன விசில் மாதிரி சத்தம் கேட்கும்.

புத்தகம் போடலாம் என்றது செங்கல்பட்டு இலக்கிய வட்டத்துத் தணிகைவேல். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், கவிதைப் பைத்தியம். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதி எடுத்துவந்து, அச்சில் ஒவ்வொரு வரியும் ஒரு தடவை போதுமே அக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தலையாட்டினாள். அரை மணி நேரம் மேடையில் நின்று ஆடியதெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிப் போயிருந்தது. பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு ஒரு பேனாவை எடுத்தாள்.

வாயில் போட்டு உருட்டிப் பார்க்காமல், எங்கே கை தட்டுவார்கள் என்று நினைக்காமல் அவள் எழுதிய முதல் கவிதை அது. ஐந்தே வரி. யாரும் சத்தமாகச் சொல்ல வேண்டாம், கண்ணால் தொட்டால் போதும் என்றுதான் எழுதினாள். யாருடைய கண் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதைப் போடச் சொன்னாள்.

புதுசா ஒண்ணு இருக்கிறது, படியுங்கள் என்று தட்டி நீட்டியிருக்கலாம்தான். ஆனால் உப்பு தீர்ந்துவிட்டது, கேஸ் சொல்லுங்கள் என்று நீட்டுகிற அதே செல்போனில் அதையும் நீட்ட மனசு வரவில்லை. தானாகப் பிரிக்கட்டும் என்று இருந்தாள். சாமி அலமாரியிலிருந்து எடுத்து அவர் தலையணை மேல் வைத்தாள். பத்திரமாகத் திரும்ப எடுத்து வைத்தார். நாற்காலியில் விரித்துக் கவிழ்த்து வைத்தாள். முதுகு ஒடிஞ்சிடும் புக்குக்கு என்று மூடினார்.

அவருக்கு வேறு வேலை இருந்தது. சாயங்காலமானால் போனில் அவளுடைய பழைய பேச்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கூடத்தில் அவள் குரல் கணீரென்று கேட்கும். அடுப்படியில் அவள் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் பட்டுச் சத்தம் வந்தது.

"இரும்மே இரும்மே. இந்த எடத்துல நீ மூச்சு வாங்குவ பாரு, அத்த கேட்டுக்கறேன்."

தன் குரலைச் சக்களத்தி மாதிரி பார்த்துக்கொண்டு, கரண்டியை அசைக்காமல் நின்றாள்.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல்பட்டில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில். தணிகைவேல் தனகோடியை மேடையில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்று கை காட்டிவிட்டு, மூன்றாவது வரிசையில் ஜெகதீசன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் இளைஞர் கவியரங்கம். ஒரு பையன் ஏரியைப் பற்றிச் சொன்னான், இன்னொருவன் காதலைப் பற்றிக் கத்தினான். ஜெகதீசன் தலையைச் சாய்த்து, மீன் தரம் பார்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். இது தேறாது என்று ஒருவனுக்கு உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்ததாகக் கவியா என்றார் தணிகைவேல். கல்லூரியில் படிக்கிற பெண். வணக்கம்கூடச் சொல்லவில்லை. போனைப் பார்த்து, மெல்லிய குரலில், யாரிடமோ தனியாகப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

தட்டைத் தட்டினால் சோறு கொண்டுவருகிறாய்
டம்ளரைத் தட்டினால் தண்ணீர்
வெறும் கையால் மேஜையைத் தட்டுகிறேன்
எதுவும் வேண்டாம்
வா

'எதுவும்' என்று சொல்லி நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, 'வேண்டாம்' என்றாள். வரியில் அப்படி ஒரு இடைவெளி கிடையாது. ஆனால் ஹால் அப்படியே உறைந்துபோய், பிறகுதான் கை தட்டியது.

தனகோடியின் அந்த ஐந்து வரி. புத்தகத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் முன்பே செய்தி அனுப்பியிருந்தாள். எது என்று சொல்லவில்லை. தனகோடி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஜெகதீசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிற்று, அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார்.

"நம்ம வூட்ல பூந்து பாத்தா மாறியே எழுதிகீது பாரு இந்தப் பொண்ணு. பாவம், அது வூட்லயும் யாருக்கோ இப்டித்தான் போலகீது."

கவியரங்கத்தில் மைக் முன்னால் நிற்பவர் சொல்வது அவரவர் கவிதை. இத்தனை வருடம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு அதற்கு மேல் வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு நொடி பொறுத்து, பெண்டாட்டி மனசு நோகக்கூடாது என்கிற மாதிரி, அவள் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

"ஆனா ஒன்னுது மாறி வராதும்மே."

மடியில் புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்ட ஒரு விரல் போதும். தனகோடி பிரிக்கவில்லை. கழுத்துத் துணி மேலும் கீழும் ஆடியது.

புத்தகத்தை வெளியிட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், கீழே சாம்பார் சாதம் என்றார்கள். ஜெகதீசன் சாப்பிடப் போகவில்லை. கவியாவைத் தேடிப்போனார். தனகோடியும் பின்னாலேயே போனாள்.

"நல்லா சொன்னம்மா. வூட்ல யாருக்கு ஒடம்பு? அம்மாவுக்கா?"

கவியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க அம்மாவுக்கா? நல்லா இருக்காங்களே அங்கிள்."

"இல்ல, தட்டத் தட்டி, டம்ளரத் தட்டி..."

"அங்கிள், அது ஆன்ட்டி எழுதினது. புக்ல கடைசிப் பக்கம்." போனைத் திருப்பிக் காட்டினாள். அச்சடித்த பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தாள். "நீங்க படிக்கலையா?"

ஜெகதீசன் திரும்பித் தனகோடியைப் பார்த்தார். கடற்கரையில் நூறு பேர் கத்தினாலும் அசையாத மனுஷனுக்கு வாய் கோணியது. இப்போது புத்தகத்தைக் கேட்பார் என்று தனகோடி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒலிப்பதிவுப் பொத்தான் அகப்படாமல் திரையை மாற்றி மாற்றித் தடவினார்.

"இன்னொரு தபா சொல்லும்மா. மெதுவா சொல்லு. எங்கிட்ட இது மட்டும்தான் இல்ல."

கவியா தனகோடியைப் பார்த்தாள். அவர் தடவித் தடவித் தேடியதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தனகோடி தலையசைத்தாள். அந்தப் பெண் ஆரம்பித்தாள். இரண்டாவது வரிக்கு முன்னாலேயே ஜெகதீசன் கை காட்டி நிறுத்தினார். போனைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு தனம். ஒன் மூச்சு சத்தம் வுழுது."

தனகோடி தள்ளிப் போனாள். கைகழுவும் இடம் வரைக்கும் போய், சுவரைப் பார்த்து நின்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஜெகதீசன் காதில் இயர்போனை மாட்டி, கவியா சொன்னதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டம் இறங்கிற்று. மலைக்குப் போய்வந்த ஒரு குடும்பம் குங்குமப் பொட்டோடு ஏறியது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. தனகோடி இயர்போனை அவர் காதிலிருந்து எடுத்தாள். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் விரித்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் பார்த்தார்.

"பழசெல்லாம் தெரியும்மே, ஒரு வரி கண்ணுல பட்டாப் போதும், தானா ஒன் கொரல் வந்துடும். அதான் புக்கத் தொறக்கவே பயந்துகினு இருந்தேன், இதுல ஒண்ணு ரெண்டு வராம போய்ட்டா இன்னா பண்றதுன்னு. இத்த பாத்தா கொரலே வர்ல. கம்முனு கீது. நீ இல்லாத வூடு மாறி கீது."

தனகோடி போனில் தட்டினாள். 'நான்தான் இருக்கேனே. அந்த கம்முனு இருக்கறதுதான் நான்.' அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார் போலிருந்தது. படிக்கறேன்மே என்று முனகிக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பக்கத்தின் மேல் குனிந்தார்.

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். கண் முதல் வரியைத் தொட்டது. இரண்டாவதுக்கு இறங்கியது. அவளுக்குக் கழுத்தில் மூச்சு விசிலடித்தது, கையால் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வரியில் அவர் உதடு அசைய ஆரம்பித்தது. நான்காவதில் 'எதுவும்' என்று அசைந்து, நின்றது. ஒரு மூச்சு விட்டது. பிறகுதான் 'வேண்டாம்' என்று அசைந்தது.

கவியா நிறுத்திய அதே இடம்.

தனகோடி கையை எடுத்துவிட்டாள். அவர் மறுபடி முதல் வரிக்குப் போனார். முகத்தில் நிம்மதி வந்திருந்தது. கொரல் வருதும்மே, வருது என்றார், தலை நிமிராமல்.

அவர்கள் இறங்க வேண்டிய கோட்டை நிறுத்தம் வந்தது. முன்னால் யாரோ கூடையோடு இறங்கினார்கள். இறங்கணும் என்று கண்டக்டருக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் அவர்தான். தனகோடி எழுந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் ஒரு கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினார். உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பஸ் கிளம்பிற்று. கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் நின்றுவிட்டு, தனகோடி மறுபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.