இன்னொரு கரண்டி

என் நாத்தனார் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு என் மகளைத் தூக்குவார். கொஞ்சுவதற்கு என்று நினைத்துவிட வேண்டாம். மேலே ஒரு தூக்கு, கீழே ஒரு இறக்கு, சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி. அப்புறம் உதட்டைப் பிதுக்குவார்.

"போன தடவை இருந்த கனம்கூட இல்லையே! என்னத்தம்மா குடுக்குற பிள்ளைக்கு?"

"சோறுதான் அண்ணி. மண்ணு இன்னும் ஆரம்பிக்கல" என்பேன்.

இதெல்லாம் அவர் காதில் ஏறாது. அவர் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. சாப்பிட வருகிற பிள்ளைகள் "போதும்" என்று தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால், அந்தக் கையின் மேலேயே இன்னொரு கரண்டி ஊற்றுகிறவர் என்று பெயர் வாங்கியவர். "போதும்னா இன்னொரு கரண்டின்னு அர்த்தம்" என்று அவரே பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு, நாலு வாய் வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு மருமகள் வந்து வாய்த்தாள்.

மகளை வீட்டில் 'பொடிசு' என்று கூப்பிடுவோம். "பொடிசு பொடிசுன்னு கூப்பிட்டா எப்படிடா வளரும்?" என்று அதற்கும் அவர் தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, ஒரு திட்டு விழும். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. கைக்கு எட்டியதை எல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உருளைக்கிழங்கைக் கண்டால் கை தட்டுகிறாள், வாழைப்பழத்தைத் துப்புகிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா. நீங்க ரெண்டு பேருமே ஒல்லி, பிள்ளை மட்டும் பீப்பாய் மாதிரி எங்கிருந்து வரும்?" என்று சிரித்தார். அதை நாத்தனாரிடம் சொன்னேன். "டாக்டரா வந்து ஊட்டப் போறாங்க?" என்று முடித்துவிட்டார்.

மற்ற உறவுக்காரர்கள் மட்டும் சும்மாவா இருந்தார்கள்? கன்னமே காணோமே என்றார் ஒருவர். பால் பத்தலையோ என்றார் இன்னொருவர், என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்து. வேலைக்குப் போகிற அம்மா, நேரம் எங்கே இருக்கும் என்று ஒரு பெருமூச்சு. என் கணவரின் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், ஆனால் ஒரே ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர். பொடிசைப் பார்த்ததும் அண்ணாந்து, "அந்த ஃபேனைக் குறைச்சு வைங்கப்பா, பிள்ளை பறந்துடப் போகுது!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை 'ணங்' என்று போடுவேன். பாவம், பாத்திரம் என்ன செய்யும்?

எனக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. முதலாளியம்மாவுக்குத் தங்கமான மனசு. வெட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் துணி மூட்டைகளை அடுக்கி ஒரு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார், பொடிசு அதற்குள் ராணி. பசித்தால் மூட்டையைப் பிடித்து எழுந்து நின்று ஒரு சத்தம் கொடுப்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பால் கொடுப்பேன். வயிறு நிறைந்ததும் அவளே வாயை எடுத்துவிட்டு என் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைப் பிடித்து இழுப்பாள். இவளுக்குப் போதும் என்பது எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது என்று அப்போதெல்லாம் நம்பினேன். ஆனால் நாள்பூராவும் நாலு பேர் ஒன்றையே சொன்னால் நம்பிக்கைக்கும் தையல் விட்டுப்போகும் இல்லையா? ராத்திரி அவள் விலாவைத் தடவிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த ஞாயிறு நாத்தனார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அவர் பொடிசை மடியில் கிடத்தி, ஒரு கையால் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சோற்றை வாயில் தள்ளினார். முதலில் வாங்கினாள். பிறகு முகத்தைத் திருப்பினாள். பிறகு உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். அழுவதற்காக வாயைத் திறந்தபோது உள்ளே இன்னொரு வாய் போனது. புரையேறி, சாப்பிட்டது பாலும் சோறுமாக நாத்தனார் புடவையிலேயே வந்து விழுந்தது.

நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன்.

"பாத்தியா, வயித்துல எதுவுமே நிக்க மாட்டேங்குது" என்றார் அவர், ஏதோ என் குற்றத்தை நிரூபித்துவிட்ட மாதிரி. "இங்க பாரு. கேன்டீனுக்கு லீவு விட்டாச்சு. ஒரு மாசம் பிள்ளை என்கிட்ட இருக்கட்டும். பாலையும் மறக்கடிச்சிடலாம், அதைக் குடிச்சுக் குடிச்சுத்தான் சோறு இறங்கல. தேத்தி அனுப்புறேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எலக்ட்ரீஷியன். எந்த ஒயரில் கரன்ட் ஓடுகிறது என்று தொடாமலே சொல்வார், அக்கா முன்னால் மட்டும் ஃபியூஸ் போய்விடும். சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். "யோசிக்கலாம்க்கா" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று பொருள்.

பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தினதும் திறந்தேன்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரு மாசம் குடிக்கலன்னா அப்புறம் பால் அவ்வளவுதான். உங்க அக்கா குடுத்துருவாங்களா?"

"அக்கா கெட்டதா நினைப்பாங்களா? என்னையே வளர்த்தவங்க."

"உங்களை வளர்த்தாங்க, சரி. அதுக்குப் பதிலா என் பிள்ளையக் குடுத்துக் கழிக்கிறீங்களா?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "எல்லாரும் சொல்றாங்களே... ஒருவேளை நம்ம கண்ணுக்குத்தான் தெரியலையோ?" என்றார் மெதுவாக. அந்த ஒருவேளை எனக்குள்ளும் இருந்தது, அதனால்தான் வலித்தது. மறுநாளிலிருந்து பொடிசு கிண்ணத்தைப் பார்த்தாலே உதட்டை மடித்தாள். உருளைக்கிழங்குக்குக்கூடக் கை தட்டவில்லை. அடுத்த ஞாயிறு என் கணவர் ஒரு பையில் அவளுடைய துணிகளை அடுக்கி வாசல் ஓரமாக வைத்தார். நான் தடுக்கவில்லை. தைரியம் போய்விட்டது, வேறென்ன சொல்ல?

நாத்தனார் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போலத் தூக்கல், இறக்கல், உதட்டுப் பிதுக்கல். இந்தத் தடவை கையில் ஒரு அத்தாட்சியும் இருந்தது. பழைய நீலக் கவுன் ஒன்று, மடிப்புக் கலையாமல்.

"என் மக ஒரு வயசுல போட்டது. எவ்வளவு இறுக்கமா இருக்கும் தெரியுமா? கையக்கூடத் தூக்க முடியாது. அவ்வளவு கொழுகொழுன்னு இருப்பா. இப்ப இவளுக்குப் போட்டுப் பாரு, உனக்கே புரியும்."

அந்த மகள் இப்போது கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறாள், வாசல் நிலை தலையில் இடிக்கிற உயரம். பொடிசுக்குக் கவுனை மாட்டினார். தோள் இரண்டும் முழங்கை வரை நழுவின, உடம்பு முழுக்கத் தொளதொளவென்று தொங்கியது. சித்தப்பா அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

அழுகையை மறைக்கக் குனிந்து கவுனின் பக்கத் தையலைப் பிடித்தேன். தையல்காரி கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்குத் துணியைத் திருப்பிப் பார்த்தது. அக்குளிலிருந்து கீழே வரை இரண்டு பக்கமும் ஒரு பட்டை மட்டும் வெளிறாமல், புதுத் துணி மாதிரி பளிச்சென்று நீலமாக இருந்தது. அந்தப் பட்டையின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள். மெஷின் போட்டதில்லை, கையால் தைத்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, அவசரத்தில் குத்தியவை. ஒரு இடத்தில் பிரிக்காமல் விட்ட நூல் துணுக்குகூட ஒட்டிக்கொண்டிருந்தது. நீலத் துணியில் கறுப்பு நூல்!

பெரிய கவுனைப் பிடித்துச் சின்னதாக்கினால் இப்படித்தான் இருக்கும். உள்ளே மடிந்து கிடந்த துணி வெயிலையும் சோப்பையும் பார்த்திருக்காது. இதைப் போட்ட குழந்தை இந்தக் கவுனை நிறைக்கவில்லை. கவுனைக் குழந்தைக்கு இறுக்கியிருக்கிறார்கள்.

எனக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பியது, பொய் சொல்ல மாட்டேன். சித்தப்பா முன்னாலேயே போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நாத்தனார் என் விரல் நிற்கிற இடத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கேன்டீனில் அத்தனை பேரை மிரட்டுகிற முகம், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"கவுன் தோள் சரியில்ல. உள்ள வாங்க அண்ணி, சரி பண்ணித் தரேன்" என்று மட்டும் சொல்லி, பொடிசைத் தூக்கிக்கொண்டு என் தையல் மெஷின் இருக்கிற அறைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"யாரு அண்ணி இதைப் பிடிச்சது?"

கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான்தான். என் புகுந்த வீட்ல எல்லாரும் கூடுற நாளு. என் பிள்ளைய 'பூனைக்குட்டி'ன்னுதான் சொல்லுவாங்க. பெத்தவளுக்குச் சத்தில்ல, பிள்ளைக்கு எங்க இருக்கும்னு பேசுவாங்க. குளியலறைக்குள்ள போய்த் தாப்பாள் போட்டுட்டு, கைக்குக் கிடைச்ச நூலை எடுத்துத் தைச்சேன். இறுக்கமா இருந்தா குண்டாத் தெரியும்ல?"

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பரவால்லையே, தேறிட்டாளேன்னாங்க. அன்னிக்குப் பூரா என் பிள்ளை அழுதா. கையத் தூக்க முடியலன்னு அழுதிருக்கா, நான் பசின்னு சொல்லி இன்னும் ஊட்டுனேன். அதுக்கப்புறமும் பிரிக்காம அதையே துவைச்சுத் துவைச்சுப் போட்டேன், அவ வளர்ந்தப்புறம்தான் பிரிச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் எல்லார்கிட்டயும் கொழுகொழுன்னு இருந்தா, கொழுகொழுன்னு இருந்தான்னு சொல்லிச் சொல்லி, சத்தியமா சொல்றேன், எனக்கே அப்படித்தான் ஞாபகம். இப்ப நீ தொட்டுக் காட்டினதும்தான்..."

பாவமாக இருந்தது. ஆத்திரமும் தீரவில்லை.

"அவ்வளவும் பட்டுட்டு என்னை ஏன் அண்ணி இந்தப் பாடு படுத்துறீங்க? ராத்திரியெல்லாம் அவ விலாவைத் தடவிட்டு, பகல்ல கண்ணுல தண்ணியோட உக்காந்து தைக்கிறேன் தெரியுமா?"

"பயம்டி" என்றார். இத்தனை வருடத்தில் என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. "வேற யாராவது கேக்குறதுக்கு முன்னாடி நாமளே தேத்திடணும்னு பயம்."

இரண்டு பேரும் அழுதோம். பொடிசுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். என் மெஷினில் அவளுக்கென்று தைத்துக்கொண்டிருந்த புதுச் சட்டை கிடந்தது. நாத்தனார் அதை எடுத்து விரித்து அவள்மேல் வைத்துப் பார்த்தார்.

"இதையும் ஏம்மா இவ்வளவு பெருசா தைக்கிற?"

"வளர்ற பிள்ளைன்னு துணி விட்டுத் தைக்கிறதுதானே எங்க தொழிலு. கை அப்படியே பழகிடுச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். என் மகளிடம் இருக்கிற சட்டை எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு ஞாயிறும் மூட்டை மாதிரிச் சட்டைக்குள் அவளைச் சொருகி, குச்சி மாதிரிக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனது நானேதான்! எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு அப்படிச் சிரித்தோம்.

வெளியே வந்தபோது பொடிசு ஒரு ஜட்டியோடுதான் வந்தாள், வயிறு லேசாக முன்னால் தள்ளிக்கொண்டு. சித்தப்பா ஆரம்பித்தார். "அந்த ஃபேனை..."

"சித்தப்பா, பிள்ளை சரியாத்தான் இருக்கா. கவுனுதான் பெருசு" என்றார் நாத்தனார். "ஃபேன் ஓடட்டும், புழுக்கமா இருக்கு."

சித்தப்பா வாயைத் திறந்தபடியே இருந்தார். என் கணவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் ஃபேனையும் ஒரு தடவை பார்த்தார்.

நாத்தனார் கிண்ணத்தில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டு வந்து பொடிசுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கிண்ணத்தைப் பார்த்ததும் உதட்டை மடித்தாள். அவர் ஊட்டவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கட்டிய கை சும்மா இருக்கப் படாத பாடு பட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பொடிசு விரலை விட்டு எடுத்து வாயில் வைத்தாள். அப்புறம் இரண்டு கையாலும் அள்ளினாள், மூக்கில் பாதி, வாயில் பாதி. அப்புறம் அவளாகவே ஸ்பூனைப் பார்த்து வாயைத் திறந்தாள். நாத்தனார் கொடுத்தார். வாங்கினாள். இன்னும் கொஞ்சம் வாங்கினாள். பிறகு முகத்தைத் திருப்பி, கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

ஸ்பூன் நடுவழியில் நின்றது. எத்தனையோ பிள்ளைகளின் கை மேல் ஊற்றிய கை அது.

"போதுமாம்" என்றார் நாத்தனார், எல்லோருக்கும் கேட்கும்படி. மிச்சத்தை வீணாக்க மனசு வராமல் தானே வழித்துச் சாப்பிட்டுவிட்டார்.

நான் எழுந்துபோய் வாசல் ஓரத்துப் பையை எடுத்துக்கொண்டு வந்து, பொடிசின் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினேன்.