நோன்பு வீட்டுத் தேத்தண்ணி

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைப் பற்றிப் படிப்பிக்கிற ஜெபரத்தினத்திடம் அன்றைக்கு மருந்துக்குக்கூட நம்பிக்கை இல்லை. எப்படி இருக்கும்? மருதமுனையில் ஹவ்வா உம்மாவின் தறிக்குழிக்குள் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தான். எண்பத்தாறாம் ஆண்டு, நோன்பு மாதம். கல்முனைக் கடைக்குக் கைத்தறிச் சாரம் எடுக்கச் சைக்கிளில் வந்தவன் வாசலில் கால் வைக்கவும், ஆமி ஊரைச் சுற்றி வளைக்கவும் சரியாக இருந்தது. தமிழ்ப் பெடியன்களைத்தான் தேடினார்கள். லொறியில் ஏற்றினால் அவ்வளவுதான், ஏறியவர்கள் திரும்பி வந்த கதை இல்லை.

நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறி அது. ஹவ்வா உம்மா ஒன்றும் நடக்காதவர்போல நெய்துகொண்டிருந்தார். மிதிகட்டை இறங்கும்போதெல்லாம் அவன் தோளில் இடித்தது.

"ஆண்டவரே, ஒரு வழியத் திறந்து விடும்" என்று கெஞ்சினான். எங்கே திறந்தது? சந்தியில் லொறி உறுமுகிற சத்தம்தான் கேட்டது.

மத்தியானமானது. உம்மா எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிவந்து குழியின் விளிம்பில் வைத்தார். வந்தவரைச் சும்மா இருத்திப் பழகாத கை அது.

"நோன்பு எங்களுக்குத்தானே தம்பி. நீங்க ஏன் தொண்ட காஞ்சு கிடக்கணும்? குடிங்க. அந்திக்கு மஃரிபு வாங்கு சொல்லி நோன்பு திறக்கக்குள்ள இவனுகள் போயிருவானுகள்."

அந்திவரைக்கும் நான் இருந்தால்தானே என்று நினைத்தான். கையை நீட்டுமுன் படலை உதைபட்டுத் திறந்தது. உம்மா சட்டென்று தறியில் குந்தி, சேலையைக் குழிமேல் விரித்துவிட்டார்.

சப்பாத்துச் சத்தம் உள்ளே வந்தது.

"முஸ்லிம் வீடுதானே? நோன்புதானே?" கொச்சைத் தமிழில் ஒருவன் கேட்டான். "தேத்தண்ணி யாருக்கு?"

பாழாய்ப்போன தேத்தண்ணி! ஆவி பறந்துகொண்டிருந்தது. ஜெபரத்தினம் தலையை முழங்காலுக்குள் அமுக்கிக்கொண்டான்.

"எனக்குத்தான் மாத்தயா. உடம்புக்குச் சுகமில்ல."

"அப்ப குடி, பாப்பம்."

காய்ச்சலில் படுத்தாலும் நோன்பை விடாத மனுசி அவர். பிஸ்மி சொன்னார். கொதிக்கக் கொதிக்க மடக்கு மடக்காகக் குடித்து முடித்தார். ஒவ்வொரு மடக்கும் இறங்குகிற சத்தம் குழிக்குள் கேட்டது. சப்பாத்துகள் திரும்பிப் போயின.

"என்னால உங்கட நோன்பு முறிஞ்சு போச்சே உம்மா" என்று விம்மினான்.

"நோன்ப இன்னொரு நாளைக்குப் பிடிச்சு ஈடு கட்டலாம். உங்கட உசிருக்கு எதக் கொண்டு ஈடு கட்டுற?" என்றவர் மறுபடி மிதிகட்டையில் காலை வைத்தார்.

அவனுக்கு அழுகை அடங்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு, நாம் குடிக்கவேண்டிய கசப்புப் பாத்திரத்தை இயேசு நமக்காகக் குடிக்கச் சம்மதித்தார் என்று எத்தனை ஞாயிறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பான்! எல்லாம் கிளிப்பிள்ளைப் பேச்சு. இன்றைக்குத்தான் அது நெஞ்சில் இறங்கியது. அவன் வழியைத் திறக்கச் சொன்னான். ஆண்டவரோ குழிக்குள்ளேயே இறங்கிவந்து கூட இருக்கிறார். லொறியில் ஏற்றினாலும் கூடவே ஏறுவார். உயிர் தப்புமோ தப்பாதோ, இது நிச்சயம்.

லொறி இன்னும் சந்தியில்தான் நின்றது. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. உம்மா இன்னொரு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்தார்.

"இப்ப வேணாம் உம்மா" என்றான். "வாங்கு சொல்லட்டும். ரெண்டு பேரும் ஒண்டாக் குடிப்பம்."