அலர்ஜி எதுவும் இல்லை

சாஃப்ட்வேர் அலுவலகத்தில் அவளுக்கு மந்திரக்காரி என்று பெயர். மற்றவர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மெத்தட், அதாவது ஆகுமா என்று கேட்டால் பதில் சொல்லும் துண்டு நிரல், என்று எழுதி விரல் தேய்ந்துகொண்டிருக்க, அவள் பத்தே வரியில் ஒரு புரோகிராம் செய்துவிடுவாள். அது மருந்துப் பட்டியலைப் படித்து, வேண்டிய மெத்தடுகளைத் தானே எழுதிக்கொள்ளும். அவளுக்குத் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவள் அக்கா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் அந்தப் புரோகிராம்தான் ஓடியது. ஊசி போடுமுன் நோயாளியின் எண்ணைத் தட்டினால், அந்த மருந்து அவருக்கு ஆகுமா ஆகாதா என்று திரை சொல்லும். செவ்வாய்க்கிழமை காலை, அக்கா ஊசி போட்ட பத்தாவது நிமிடம் ஒரு பெண் மூச்சுத் திணறி இறந்துபோனாள். அந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று பதிவில் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"எச்சரிக்கை எதுவும் வரலடி. 'அலர்ஜி எதுவும் இல்லை'ன்னுதான் போட்டிருந்தது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"இப்பதான் டெஸ்ட் ஓட்டிப் பாத்தேன்க்கா. எல்லாம் பச்சையா பாஸாகியிருக்கு. அது தப்பாச் சொல்லாது. அவசரத்துல நீதான் சரியா பாத்திருக்க மாட்டே."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மந்திரக்காரிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை வந்ததும் வராததுமாக அந்தப் பத்து வரியைத் திறந்தாள்.

நோயாளி என்பது ஒரு கிளாஸ், அதாவது வெறும் அச்சு. அந்த அச்சில் வார்த்தெடுத்த ஒவ்வொரு ஆளும் தனித்தனி ஆப்ஜெக்ட். வார்டுத் திரை கேள்வி கேட்பது ஆளிடம். மூன்று வாரத்துக்கு முன் புரோகிராமைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அவள் ஒரு வரியை மாற்றியிருந்தாள். அன்றிலிருந்து மெத்தடுகள் எல்லாம் அச்சின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. ஆட்களிடம் ஒன்றுகூட இல்லை. அவள் எழுதிய டெஸ்டோ நோயாளி எண்ணைக் கொடுத்து அச்சிடமே கேட்டது, சரியான பதிலை வாங்கிக்கொண்டு பச்சை காட்டியது.

இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் புரோகிராம் அங்கேயே நின்று கத்தும். கத்தியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். ஆனால் ஒருமுறை டாக்டர்கள் முன்னால் திரை உறைந்துபோய் இவள் மானம் போயிருந்தது. அதனால், தெரியாத கேள்வி எது வந்தாலும் சத்தம் போடாமல் வெறுமையைத் திருப்பிக் கொடு என்று ஒரு மெத்தட் எழுதி வைத்திருந்தாள். வெறுமையைத் திரை, அலர்ஜி எதுவும் இல்லை என்று படித்துக்கொண்டது.

மூன்று வாரமாக எல்லோருக்கும் அதே பதில். இப்போதும் அதே பதில்தான். மணி பத்தாகப் போகிறது, பத்து மணிதான் வார்டில் ஊசி நேரம். புரோகிராம் ஓடுவது ஆஸ்பத்திரிக் கணினியில், இங்கிருந்து நிறுத்த வழியில்லை. வார்டு போனுக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீ பாத்தது சரி. தப்பு என்னோடது. திரையை நம்ப வேணாம்னு சொல்லு, யாரையும் ஊசி போட விடாதே!"

"காலையில விசாரணையில எழுதிக் கொடுத்துட்டேன்டி. எச்சரிக்கை வந்தது, நான்தான் கவனிக்கலைன்னு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். உள்ள ஓடு!"

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கதவு திறக்கற கார்டையும் வாங்கிக்கிட்டாங்க. வார்டு வாசல்லதான் நிக்கிறேன், கதவு திறக்கல. இனிமே என் பேச்சை யாருடி கேப்பா?"

கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் அறையும் சத்தம் போனில் கேட்டது. அக்கா அறைந்துகொண்டே இருந்தாள்.